"இல்லை" என்று மட்டும் சொல்லும் டெஸ்ட் கருவிகள்: என்ன இல்லை, யார் கேட்டது என்றும் சொல்ல வைக்க முடியாதா?

உப்புவெளி_வகுப்பு | ஞாயிறு இரவு 8.50

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். போனில் தட்டுவதால் பிழைச்செய்திகளின் கருத்தை மட்டும் தமிழில் தருகிறேன், சொல்லுக்குச் சொல் தேடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு விறாந்தையில் சொஃப்ட்வெயார் டெஸ்டிங் வகுப்பு வைக்கிறேன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். 11 பேர் வருகிறார்கள். சாம்பல்தீவு, அலஸ்தோட்டம் பக்கத்துப் பிள்ளைகள்தான் கூட, ஒரு பிள்ளை மட்டும் மூதூரில் இருந்து பஸ் மாறி மாறி வருகிறது.

போன கிழமை வீட்டுவேலையாக ஒரு சின்னப் பைத்தான் ப்ரொஜெக்ட் கொடுத்தேன். பைடெஸ்டில் (பைத்தான் கோடுக்கான டெஸ்ட் கருவி) எழுதிய 20 டெஸ்ட், அவ்வளவுதான். அதன் ஐஎன்ஐ கோப்பில், அதாவது செட்டிங்ஸ் கோப்பில், கவரேஜ் (டெஸ்டுகள் கோடில் எவ்வளவைத் தொடுகின்றன என்பது) பார்க்கிற ஒப்ஷனை நான் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன். அது வேலை செய்ய பைடெஸ்ட்-கவ் என்ற ப்ளகின், அதாவது தனியாகச் சேர்க்கிற துணைப் பக்கேஜ், வேண்டும், அதை இன்ஸ்டால் பண்ணச் சொல்ல மறந்துபோனேன். பிள்ளை வீட்டுக்குப் போய் பைடெஸ்ட் என்ற ஒரு சொல்லைத்தான் தட்டியிருக்கிறது. கருவி திருப்பிச் சொன்னது: "கவ் என்ற ஆர்கியுமென்ட் எனக்குத் தெரியாது." தான் தட்டாத ஒன்றைத் தட்டியதாக எதிரில் இருக்கிற இயந்திரம் சொன்னால் புதிதாகப் படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? தன்னில்தான் பிழை என்று நினைக்கும். இரவு 1 மணி மட்டும் முழித்திருந்து, பைத்தானை அழித்துத் திருப்பி இன்ஸ்டால் பண்ணி, போன் டேட்டாவையும் முடித்துவிட்டு இன்று வந்து சொன்னது: "சேர், எனக்கு இங்கிலிஷ் காணாது, இந்தப் படிப்பு சரிவராது போல."

அது இன்னும் மனதில் கிடக்கிறது. அந்தப் பிள்ளையின் இங்கிலிஷில் ஒரு குறையும் இல்லை. அந்தச் செய்தியை எத்தனை தரம் சரியாக வாசித்தாலும், ஒரு ப்ளகின் இல்லை என்ற விசயம் அதற்குள் எங்கேயும் இல்லையே.

பிள்ளைகள் போன பிறகு பின்னேரம் முழுக்க இருந்து ஒவ்வொரு பக்கேஜாகக் கழற்றிவிட்டு டெஸ்டை ஓடவிட்டுப் பார்த்தேன். பைடெஸ்ட்-மொக் என்ற ப்ளகினைக் கழற்றினால் "மொக்கர் என்ற ஃபிக்ஸ்ச்சர் கிடைக்கவில்லை" என்று சொல்லி, இருக்கிற ஃபிக்ஸ்ச்சர் (டெஸ்டுக்குத் தயார் பண்ணிக் கொடுக்கிற உதவிப் பொருள்) பெயர்களை எல்லாம் வரிசையாகக் கொட்டுகிறது. கழற்றிய ப்ளகினின் பெயர் அதில் ஒரு இடத்திலும் வராது. சாதாரண மொட்யூல் ஒன்றைக் கழற்றினால் இன்னும் மோசம். "டெஸ்ட் மொட்யூலை இம்போர்ட் பண்ணும்போது பிழை" என்று தொடங்கி, அடுத்த வரியில் குறிப்பு என்று போட்டு, "உங்கள் டெஸ்ட் கோப்புகளின் பெயர் பைத்தானுக்கு ஏற்ற பெயரா என்று பாருங்கள்" என்கிறது. உண்மையான காரணம் அதற்கும் கீழே, ட்ரேஸ்பக்கின் (பிழை எந்த எந்த வரி வழியாக வந்தது என்ற பட்டியல்) கடைசி வரியில் கிடக்கிறது. போன மாதம் இரண்டு பிள்ளைகள் அந்தக் குறிப்பை நம்பி அரைமணித்தியாலம் கோப்பின் பெயரை மாற்றி மாற்றிப் பார்த்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஆனால் அதே பைடெஸ்ட், அசிங்க் டெஸ்ட் (காத்திருக்கிற நேரத்தில் வேறு வேலை நடக்க விடுகிற வகை) எழுதி அதற்கான ப்ளகின் இல்லாமல் ஓடவிட்டால் எவ்வளவு நன்றாகக் கதைக்கிறது தெரியுமா? "அசிங்க் ஃபங்ஷனை நான் நேராக ஓட்டுவதில்லை, பொருத்தமான ப்ளகின் ஒன்றை இன்ஸ்டால் பண்ணுங்கள், உதாரணமாக" என்று சொல்லி எனிஐஓ, பைடெஸ்ட்-அசிங்க்ஐஓ, பைடெஸ்ட்-ட்ரையோ என்று பெயர்களையே தருகிறது. முன்பெல்லாம் இதை எச்சரிக்கையாகச் சொல்லிவிட்டு அந்த டெஸ்டைத் தாண்டிப் போகும், 8.4இல் இருந்து அது தோல்வியாகவே வருகிறது. ஆக, செய்ய ஏலாத வேலை இல்லை. அந்த இடத்தில் எழுதியவர்கள் வாசிக்கப் போகிறவரை நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

வகுப்புக்கென்று ஒரு கொன்ஃப்டெஸ்ட் கோப்பு (பைடெஸ்ட் தானே எடுத்து ஓட்டுகிற துணைக் கோப்பு) எழுதி, இந்தச் செய்திகளைக் கொஞ்சம் மனிசருக்கு விளங்குகிற மாதிரி மாற்றலாம் என்று யோசிக்கிறேன். சரிவந்தால் பைடெஸ்ட் எழுதுகிறவர்களுக்கும் அனுப்பலாம். அதில் என்ன எழுத வேண்டும், என்ன எழுதக் கூடாது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பாலையூற்று_சேர்வர் | ஞாயிறு இரவு 9.20

தம்பி, பிள்ளைக்கு நடந்தது கவலைதான், ஆனால் முழுப் பழியையும் கருவியில் போடுவதை என்னால் ஏற்க ஏலாது. கவ் என்பது எந்த ப்ளகினின் ஒப்ஷன் என்று பைடெஸ்டுக்கு எப்படித் தெரியும்? ப்ளகின்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் ஒப்ஷனைத் தானே கொண்டுவந்து சேர்க்கிறது. ப்ளகின் வராவிட்டால் அந்தச் சொல்லும் வராது.

இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2020இல் வந்த பைடெஸ்ட் 6.0இல் இருந்து ஐஎன்ஐ கோப்பில் ரெக்வயர்ட் ப்ளகின்ஸ் என்று ஒரு வரி எழுதலாம். எழுதியிருந்தால் "தேவையான ப்ளகின் இல்லை: பைடெஸ்ட்-கவ்" என்று நேராகவே சொல்லியிருக்கும். தேவைகளை எழுதி வைக்க வேண்டியது ப்ரொஜெக்ட் எழுதுகிறவரின் வேலை.

உப்புவெளி_வகுப்பு | ஞாயிறு இரவு 9.45

சரி அண்ணா, இப்போதே போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே வருகிறது. இத்தனை நாள் அந்த வரியை நான் எழுதாமல் விட்டது என் பிழைதான், ஏற்கிறேன். வகுப்பில் இருக்கிற எல்லா ப்ரொஜெக்ட்டிலும் இன்றிரவே சேர்த்துவிடுகிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கவ் யாருடைய ஒப்ஷன் என்று பைடெஸ்டுக்குத் தெரியாது, சரி. ஆனால் அந்தச் சொல் எங்கே இருந்து வந்தது என்று தெரியுமே? பிள்ளை தட்டியதில் இருந்து வரவில்லை, ஐஎன்ஐ கோப்பில் இருந்து தானே எடுத்தது. செய்திக்குக் கீழே ஐஎன்ஐ கோப்பின் பாதையைக்கூட அச்சடிக்கிறது. ஆனால் "இந்தச் சொல்லை அந்தக் கோப்பில் இருந்து எடுத்தேன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லவில்லை. கையில் இருக்கிற தகவலைச் சொல்லாமல் விடுவதுதான் என் மனக்குறை. தெரியாததை ஊகிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

உவர்மலை_டெஸ்டர் | ஞாயிறு இரவு 10.30

தம்பி கடைசியாக எழுதினதில்தான் விசயமே இருக்கிறது. ஊகத்தைப் பற்றி நான் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன்.

முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு ஜங்கோ (பைத்தானில் வெப்தளம் கட்டுகிற கருவி) ப்ரொஜெக்ட். ஒருநாள் காலை சிஐ சேர்வரில் (கோடை மாற்றும்போதெல்லாம் டெஸ்டைத் தானாக ஓட்டுகிற சேர்வர்) எல்லா டெஸ்டும் சிவப்பு. லொக்கின் கடைசியில் "மைசீக்குவல்டிபி மொட்யூலை ஏற்ற முடியவில்லை. மைசீக்குவல்கிளையன்ட்டை இன்ஸ்டால் பண்ணினீர்களா?" என்று ஒரு கேள்வி. பண்ணியிருக்கிறோம். திருப்பிப் பண்ணினோம். வேர்ஷனை மாற்றினோம். கேஷைத் துடைத்தோம். மத்தியானம் தாண்டிய பிறகு ஒரு தங்கச்சிதான் லொக்கை மேலே உருட்டிக்கொண்டு போய், ட்ரேஸ்பக்கின் முதல் பகுதியில் வேறு ஒரு வரியைக் காட்டினா. பைத்தான் பக்கேஜ் இருக்கிறது, அதற்குக் கீழே லினக்ஸில் இருக்க வேண்டிய ஷெயார்ட் லைப்ரரி கோப்புத்தான் இல்லை. யாரோ டொக்கர் இமேஜை (சேர்வரில் ஓடுகிற முழுச் சூழலின் பொதி) சின்னதாக்கியபோது அது போய்விட்டது.

ஏன் அப்படி வந்தது என்றால், அந்த இடத்தில் ஜங்கோ இம்போர்ட்எரர் (இம்போர்ட் தோற்றால் பைத்தான் தருகிற பிழை) எது வந்தாலும் பிடித்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. ஜங்கோவில் நல்லது என்னவென்றால் பழைய பிழையை மறைக்காமல் அதோடு சங்கிலி போட்டுத் தருகிறது, அதனால்தான் மேலே உருட்டியபோது கிடைத்தது. கனபேர் எழுதுகிற கருவிகளில் அதுகூட இல்லை. பிடிப்பார்கள், "எக்ஸை இன்ஸ்டால் பண்ணுங்கள்" என்று அச்சடிப்பார்கள், வெளியேறுவார்கள். உண்மைக் காரணம் அதோடு போயிற்று. அந்த மாதிரி அன்பாக எழுதின பிழைச்செய்தியைவிட ஒன்றும் மாற்றாத ட்ரேஸ்பக் எவ்வளவோ மேல்.

பைத்தான் 3.6இல் இருந்து மொட்யூல்நொட்ஃபவுண்ட்எரர் என்று தனியாக ஒன்று இருக்கிறது, இம்போர்ட்எரரின் ஒரு உள்வகை. "அந்தப் பெயரில் ஒன்றும் கிடைக்கவில்லை" என்பதற்குத்தான் அது வரும். கிடைத்து, உள்ளே ஏறும்போது உடைந்தால் பெரும்பாலும் வெறும் இம்போர்ட்எரர். இரண்டும் வேறு வேறு வருத்தம், மருந்தும் வேறு. அப்புறம் அந்த எரருக்குள் நேம் என்று ஒரு பண்பு இருக்கும், எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்று அது சொல்லும். நீங்கள் கேட்டது ரெக்வெஸ்ட்ஸ் என்ற பக்கேஜ், நேமில் இருப்பது யூஆர்எல்லிப்3 என்றால் ரெக்வெஸ்ட்ஸ் இருக்கிறது, அது கேட்ட ஆள்தான் இல்லை. அதைப் பார்க்காமல் "ரெக்வெஸ்ட்ஸை இன்ஸ்டால் பண்ணுங்கள்" என்று எழுதினால் அது பொய்.

பைடெஸ்டிலும் இதே சிக்கல் இருந்தது. இம்போர்ட்ஓர்ஸ்கிப் என்ற ஃபங்ஷன் எந்த இம்போர்ட்எரர் வந்தாலும் டெஸ்டைப் பேசாமல் ஸ்கிப் பண்ணிவிடும். உடைந்த பக்கேஜும் இல்லாத பக்கேஜும் அதற்கு ஒன்றுதான். 8.2இல்தான் இல்லாததற்கு வெறும் ஸ்கிப், உடைந்ததற்கு ஸ்கிப்போடு எச்சரிக்கையும் என்று பிரிக்கத் தொடங்கினார்கள்.

ஆகவே தம்பி, கொன்ஃப்டெஸ்ட் எழுதும்போது பழைய பிழையை அழிக்கவே வேண்டாம். பைத்தான் 3.11இல் இருந்து எக்ஸெப்ஷனுக்கு, அதாவது எழும்பின பிழைக்கு, அட்நோட் என்று ஒன்று உண்டு, பழைய செய்திக்குக் கீழே உங்கள் வரியைச் சேர்த்துவிடலாம். மூலமும் இருக்கும், விளக்கமும் இருக்கும்.

கிண்ணியா_ஜாவா | ஞாயிறு இரவு 11.05

ஜாவா பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. நீங்கள் எல்லாரும் பிழையான செய்தியைப் பற்றிக் கதைக்கிறீர்கள், செய்தியே வராமல் விட்டால்?

ஜாவாவின் டெஸ்ட் கருவியான ஜேயூனிட் 5 வந்தது 2017இல். அந்த நேரம் பழைய மேவன் ஷுவர்ஃபயர் (பில்ட் பண்ணும்போது டெஸ்டை ஓட்டுகிற ப்ளகின்) வைத்திருந்தவர்கள் புது முறையில் டெஸ்ட் எழுதி ஓடவிட்டால், ஓடிய டெஸ்ட் 0, பில்ட் வெற்றி. பச்சை நிறம். 2.22.0க்கு முந்திய ஷுவர்ஃபயருக்குத் தனியாக ஒன்றைச் சேர்க்காவிட்டால் அந்த டெஸ்டுகள் கண்ணுக்கே தெரியாது, தெரியாது என்று சொல்லவும் தெரியாது. நான் ஒரு மாதத்துக்குக் கிட்ட அந்தப் பச்சையை நம்பி இருந்தேன். 60க்கு மேல் டெஸ்ட் எழுதியிருப்பேன், ஒன்றும் ஒருநாளும் ஓடவில்லை. அது தெரிந்த அன்றைக்கு வந்த கோபமும் பயமும் இன்றைக்கும் மறக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் நாங்கள் இரண்டு தரம் ரிலீஸ் பண்ணிவிட்டோம்.

மறுபக்கம், ஜேயூனிட்டை லோஞ்சர் (டெஸ்டைத் தொடக்கிவிடுகிற பகுதி) வழியாக ஓடவிட்டு எஞ்சின் (டெஸ்டைக் கண்டுபிடித்து ஓட்டுகிற பகுதி) இல்லாவிட்டால், "டெஸ்ட்எஞ்சின் ஒன்றாவது இல்லாமல் லோஞ்சரை உருவாக்க முடியாது, எஞ்சின் ஜார் ஒன்றை க்ளாஸ்பாத்தில் சேர்க்கப் பாருங்கள்" என்று வரும். ஒரே வசனம். என்ன தேவை, ஏன் நின்றது, எங்கே சேர்ப்பது, எல்லாம் அதற்குள் இருக்கிறது. எனக்குத் தெரிந்த நல்ல செய்திகளில் அது ஒன்று.

உவர்மலை_டெஸ்டர் | ஞாயிறு இரவு 11.15

0 டெஸ்ட் ஓடினால் பச்சை காட்டவே கூடாது நானா. பைடெஸ்டில் ஒரு டெஸ்டும் சேரவில்லை என்றால் வெளியேறும் எண் 5. தோல்வி என்றால் 1, கட்டளை பிழை என்றால் 4. சிஐ 5ஐத் தோல்வியாகத்தான் எடுக்கும். இந்த எண்களும் பிழைச்செய்தியில் சேர்த்திதான், இயந்திரம் வாசிக்கிற பகுதி அது.

நிலாவெளி_நோட் | திங்கள் காலை 7.10

காலை வணக்கம். இரவே வாசித்தேன், கரண்ட் இல்லை, இப்போதுதான் எழுத முடிந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் சில கருவிகள் இதில் நிறைய முன்னேறிவிட்டன. ஜெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியின் 28இல், 2022இல், ஜேஎஸ்டொம் சூழலை (பிரவுசர் மாதிரி நடிக்கிற பக்கேஜ்) அதோடு தருவதை நிறுத்திவிட்டார்கள். ஜேஎஸ்டொம் பாவித்து, அதைத் தனியாகச் சேர்க்காமல் மேம்படுத்தினவர்களுக்கு டெஸ்ட் நின்றது. ஆனால் செய்தி என்ன சொன்னது என்றால் "ஜெஸ்ட் 28இல் இருந்து இது சேர்ந்து வருவதில்லை, தனியாக இன்ஸ்டால் பண்ணுங்கள்". என்ன மாறியது, எந்த வேர்ஷனில் மாறியது என்பதையும் சேர்த்துச் சொன்ன அந்த ஒரு வரியால் எனக்கு 2 நிமிடத்தில் வேலை முடிந்தது.

விடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவி இன்னும் ஒரு படி மேலே. ஏதாவது இல்லை என்றால் "இன்ஸ்டால் பண்ணவா?" என்று கேட்கும், ஆம் என்றால் தானே பண்ணும். சிஐயில் கேட்காது, அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை என்று அதற்குத் தெரியும். பிரவுசரை ஓட்டி டெஸ்ட் பண்ணுகிற ப்ளேரைட்டும் அப்படித்தான், பிரவுசர் இல்லை என்றால் ஒரு பெட்டி கட்டி, அதற்குள் ஓடவேண்டிய கட்டளையை எழுதித் தரும். லினக்ஸில் லைப்ரரிகள் இல்லாவிட்டால் அதற்கு வேறு கட்டளை.

ஆகவே என் கட்சி: கட்டளையை எழுதிக் கொடுங்கள். பிள்ளைகள் அதைக் கொப்பி பண்ணி ஒட்டட்டும்.

பாலையூற்று_சேர்வர் | திங்கள் காலை 8.00

கட்டளை எழுதிக் கொடுப்பதில்தான் எனக்குப் பயம்.

பைத்தானில் இம்போர்ட் பண்ணுகிற பெயர் ஒன்று, இன்ஸ்டால் பண்ணுகிற பெயர் வேறு. யாமல் என்று இம்போர்ட் பண்ணுவோம், பக்கேஜ் பையாமல். பிஐஎல் என்றால் பில்லோ. சிவி2 என்றால் ஓப்பன்சிவி-பைத்தான். எஸ்கேலேர்ன் என்றால் சைகிட்-லேர்ன். கருவி தனக்குத் தெரியாமல், இம்போர்ட் பெயரையே எடுத்து "பிப் இன்ஸ்டால் இன்னது" என்று எழுதினால், அந்தப் பெயரில் வேறு யாராவது கெட்ட எண்ணத்தோடு ஒரு பக்கேஜ் ஏற்றி வைத்திருக்கலாம். பிப் பக்கேஜ்களை எடுக்கிற பொதுக் களஞ்சியமான பிபிஐயில் இந்த மாதிரிப் பெயர்ப்பொறிகள் எத்தனையோ தரம் பிடிபட்டிருக்கின்றன. எஸ்கேலேர்ன் என்ற பெயரை சைகிட்-லேர்ன்காரர்கள் தாங்களே வைத்திருந்ததால் தப்பினோம், இப்போது அதை இன்ஸ்டால் பண்ணப் போனால் "சரியான பெயர் சைகிட்-லேர்ன்" என்று சொல்லி நிறுத்துகிறது. எல்லாப் பெயருக்கும் அப்படிக் காவல் இல்லை. பிழைச்செய்தியில் இருக்கிற கட்டளையைப் பிள்ளைகள் யோசிக்காமல் ஓடவிடுவார்கள் என்றுதானே சொல்கிறீர்கள்? அதனால்தான் சொல்கிறேன்.

உபுண்டு லினக்ஸில் இல்லாத கட்டளையைத் தட்டினால் "கிடைக்கவில்லை, ஆனால் இந்த அப்ட் கட்டளையால் இன்ஸ்டால் பண்ணலாம்" என்று வரும். அது ஊகம் இல்லை, உபுண்டுவின் சொந்தப் பக்கேஜ் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறது. அப்படிப் பார்த்துச் சொல்ல ஒரு பட்டியல் இருந்தால் கட்டளை எழுதுங்கள். இல்லாவிட்டால் "யாமல் என்ற மொட்யூல் கிடைக்கவில்லை" என்பதோடு நிறுத்துங்கள்.

நிலாவெளி_நோட் | திங்கள் காலை 8.25

இதை நான் யோசிக்கவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். கருவி எழுதினவருக்கு நிச்சயமாகத் தெரிந்த பெயருக்கு மட்டும் கட்டளை.

உப்புவெளி_வகுப்பு | திங்கள் மத்தியானம் 12.40

நல்ல வாதம், இரண்டு பேருக்கும் நன்றி. எங்கள் வகுப்பில் பாவிப்பது மொத்தம் 9 பக்கேஜ்தான், அவற்றின் சரியான பெயரை நானே கையால் எழுதி வைக்கலாம். அதற்கு வெளியே எது வந்தாலும் கட்டளை இல்லை, "என்னிடம் கேளுங்கள்" என்று என் பெயர்.

கட்டளையைப் பற்றி இன்னும் இரண்டு விசயம். முதலாவது, எந்தப் பைத்தானுக்குள் இன்ஸ்டால் பண்ணுவது? பிள்ளைகளின் லப்டொப்பில் இரண்டு மூன்று பைத்தான் கிடக்கிறது. பிப் ஒன்றுக்குள் போடும், பைடெஸ்ட் இன்னொன்றில் ஓடும், "இன்ஸ்டால் பண்ணிவிட்டேன் சேர், இன்னும் இல்லை என்கிறது" என்று நிற்பார்கள். அதனால் செய்தியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற பைத்தானின் முழுப் பாதையையும் போட்டு, அதே பாதையால் பிப்பைக் கூப்பிடுகிற மாதிரிக் கட்டளையை எழுதப் போகிறேன். அந்தப் பாதை கருவிக்கு எப்போதும் தெரியும், ஊகமே தேவையில்லை.

இரண்டாவது டேட்டா. ப்ளேரைட் தருகிற கட்டளையை அப்படியே ஓடவிட்டால் மூன்று பிரவுசரும் சேர்த்து நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். எத்தனை எம்பி என்பது இறங்கத் தொடங்கிய பிறகுதான் திரையில் தெரிகிறது. போன் ஹொட்ஸ்பொட்டில் இருக்கிற பிள்ளைக்கு அது ஒரு கிழமை டேட்டா. குரோமியம் மட்டும் போதும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, செய்தியில் அதைச் சொல்வதில்லை. பிரவுசரை ஓட்டுகிற இன்னொரு கருவியான செலீனியம் 4.6இல் இருந்து டிரைவரை (பிரவுசரோடு கதைக்கிற இடைக்கருவி) தானே இறக்கிக்கொள்கிறது, அது பெரிய உதவி, முன்பு குரோம்டிரைவரின் வேர்ஷன் பொருந்தாமல் வகுப்பில் பாதி நேரம் போகும். ஆனால் 4.11இல் இருந்து குரோம் இல்லாவிட்டால் பிரவுசரையே இறக்குகிறது. கொழும்பில் ஃபைபர் போட்ட ஒபிஸில் இருக்கிறவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இங்கே இறக்க முன்னம் அளவைச் சொல்வது பிழைச்செய்தியின் கடமைகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

மூதூர்_11 | திங்கள் இரவு 7.30

வணக்கம். சேர் எழுதின பிள்ளை நான்தான். இங்கே கணக்குத் திறக்கச் சொல்லி அவர்தான் சொன்னார். எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன், எல்லாருக்கும் நன்றி.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், பிழை என்றால் சொல்லுங்கள். சிவப்பு எழுத்து கனக்க வந்தால் நான் முதல் வரியைத்தான் வாசிப்பேன். பைத்தானில் காரணம் கடைசி வரியில் இருக்கும் என்று ஒருவரும் முதலில் சொல்லித் தரவில்லை. நோடில் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுகிற கருவி) பார்த்தால் காரணம் மேலே இருக்கிறது, "மொட்யூலைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று, அதற்குக் கீழேதான் யார் யார் கூப்பிட்டது என்ற பட்டியல். ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, சொற்கள் இல்லை.

இன்னொன்று. முதல் செலீனியம் பாடத்தில் நான் என் கோப்புக்கு செலீனியம் என்றே பெயர் வைத்தேன், எங்களில் 4 பேர் அப்படித்தான் வைத்தோம். வந்த செய்தி "செலீனியம் டொட் வெப்டிரைவர் என்ற மொட்யூல் இல்லை, செலீனியம் ஒரு பக்கேஜ் இல்லை". இன்ஸ்டால் பண்ணின ஒன்றைப் பார்த்துப் பக்கேஜ் இல்லை என்று சொன்னதும் நான் அதை அழித்துத் திருப்பி இன்ஸ்டால் பண்ணினேன். பைத்தான் எந்தக் கோப்பை எடுத்தது என்று அதன் பாதையை ஒரு தரம் காட்டியிருந்தால், "ஐயோ இது என்ர கோப்பு" என்று அப்போதே விளங்கியிருக்கும்.

விண்டோஸில் ஒருநாள் "சிவி2ஐ இம்போர்ட் பண்ணும்போது டிஎல்எல் ஏற்ற முடியவில்லை, குறிப்பிட்ட மொட்யூல் கிடைக்கவில்லை" என்று வந்தது. குறிப்பிட்ட என்று சொல்கிறது, எது என்று குறிப்பிடவில்லை.

உவர்மலை_டெஸ்டர் | திங்கள் இரவு 8.05

தங்கச்சி, நீங்கள் எழுதினதில் ஒரு பிழையும் இல்லை. அந்த டிஎல்எல் (விண்டோஸின் ஷெயார்ட் லைப்ரரி கோப்பு) செய்தி விண்டோஸ் பைத்தானுக்குக் கொடுக்கிறது, எந்த டிஎல்எல் என்று விண்டோஸே திருப்பிச் சொல்வதில்லை, அதனால் பைத்தானாலும் சொல்ல ஏலாது. அனுபவம் உள்ளவர்களும் அதில் மணித்தியாலக் கணக்கில் நிற்பார்கள்.

கோப்புப் பெயர் விசயத்தில் பைத்தான் 3.13 கொஞ்சம் மாறியிருக்கிறது. ரண்டம் என்று உங்கள் கோப்புக்குப் பெயர் வைத்து, அதனால் ஒரு ஃபங்ஷன் கிடைக்காமல் போனால், உங்கள் கோப்பின் பாதையைக் காட்டி "இதன் பெயரை மாற்றப் பாருங்கள்" என்று சொல்கிறது. நீங்கள் கேட்டதும் அதைத்தான். 3.12இல் இருந்து சிஸ் என்ற மொட்யூலை இம்போர்ட் பண்ணாமல் எழுதினால் "இம்போர்ட் பண்ண மறந்தீர்களா?" என்றும் கேட்கிறது. மெதுவாக என்றாலும் வந்துகொண்டிருக்கிறது.

கிண்ணியா_ஜாவா | திங்கள் இரவு 8.20

மூதூர் தங்கச்சி, எங்கே பார்ப்பது என்று நீங்கள் கேட்டது பெரிய கேள்வி. ஜாவாவில் நடுவிலும் இருக்கும், "இதனால் ஏற்பட்டது" என்று தொடங்குகிற கடைசிப் பகுதியைத் தேட வேண்டும். வகுப்புக்கான செய்தியில் காரணத்தை எல்லாவற்றுக்கும் கீழே, திரையில் கண் நிற்கிற இடத்தில், திருப்பி ஒரு தரம் எழுதலாம் என்பது என் யோசனை.

பாலையூற்று_சேர்வர் | திங்கள் இரவு 8.40

தமிழிலும் எழுதலாமே? வகுப்புக்குத்தானே.

உவர்மலை_டெஸ்டர் | திங்கள் இரவு 8.55

தமிழில் மட்டும் எழுத வேண்டாம். மூல இங்கிலிஷ் வரி அப்படியே இருக்க வேண்டும், அதைக் கொப்பி பண்ணித்தான் தேட முடியும், நாளைக்கு வேலைக்குப் போனாலும் அந்த வரியைத்தான் பார்க்கப் போகிறார்கள். கீழே தமிழ் விளக்கம் சேர்க்கலாம். அது நல்லது.

உப்புவெளி_வகுப்பு | புதன் இரவு 9.10

எழுதிவிட்டேன். கொன்ஃப்டெஸ்ட் கோப்பு 70 வரியும் இல்லை. இம்போர்ட் பிழை வந்தால் அதன் வகையைப் பார்க்கிறது. பெயரே கிடைக்கவில்லை என்றால் நேம் பண்பில் இருப்பதை எடுத்து, அந்த 9 பெயர்ப் பட்டியலில் இருந்தால் மட்டும் கட்டளை எழுதுகிறது. கிடைத்து உடைந்தது என்றால் "இது இன்ஸ்டால் ஆகியிருக்கிறது, ஆனால் ஏறவில்லை, திருப்பி இன்ஸ்டால் பண்ண முன்னம் மேலே உள்ள வரியை எனக்கு அனுப்புங்கள்". பக்கேஜ் இல்லை என்று வந்தால், பைத்தான் எடுத்த கோப்பின் பாதை. எல்லாவற்றிலும் ஓடுகிற பைத்தானின் பாதை. மூலப் பிழையில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை, கீழே அடிக்கோடு போட்டு இங்கிலிஷில் ஒரு வரி, தமிழில் இரண்டு வரி. ஸ்கிப் ஆனவற்றின் காரணத்தையும் கடைசியில் காட்டச் செய்திருக்கிறேன், ஸ்கிப் கூடினால் அதையும் பார்க்க வேண்டும் என்பதற்காக.

மூதூர்_11, உங்கள் கணினியில் பைடெஸ்ட்-மொக்கையும் பையாமலையும் கழற்றிவிட்டு ஓடவிட்டுப் பார்க்கிறீர்களா? வெளியீட்டைக் கோப்பில் போட்டு அனுப்புங்கள்.

மூதூர்_11 | வியாழன் இரவு 7.50

ஓடவிட்டேன் சேர். பையாமல் கழற்றினபோது வந்த கட்டளையை அப்படியே ஒட்டினேன், சரியான பைத்தானுக்குள் போனது, அடுத்த ஓட்டத்தில் 20ம் பச்சை. மொக்கர் ஃபிக்ஸ்ச்சருக்கு உங்கள் வரி வரவில்லை, பழைய பட்டியல் மட்டும்தான் வந்தது.

இன்னொரு பிரச்சினை. திரையில் தமிழ் சரியாக வந்தது. கோப்பில் போடச் சொன்னீர்கள்தானே, அப்படிப் போட்டபோது தமிழ் வர முன்னமே யூனிகோட்என்கோட்எரர் என்று வந்து நின்றுவிட்டது.

உவர்மலை_டெஸ்டர் | வியாழன் இரவு 8.10

விண்டோஸில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் பைத்தான் எல்லா மொழி எழுத்தும் உள்ள யூடிஎஃப்-8 முறையைப் பாவிக்காது, கணினியின் பழைய கோட்பேஜை (எழுத்து அட்டவணை) பாவிக்கும், அதில் தமிழ் எழுத்து இல்லை. பைத்தான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறிக்கு 1 என்று கொடுத்துவிட்டு ஓடவிடுங்கள் தங்கச்சி, 3.7இல் இருந்து அது இருக்கிறது. ஆனால் தம்பி, அதை நம்பி இருக்க ஏலாது, எழுத முடியாவிட்டால் இங்கிலிஷ் வரியோடு நிற்கிற மாதிரி உங்கள் கோடிலேயே பாருங்கள். உதவி செய்ய வந்த செய்தி ஓட்டத்தை உடைக்கக் கூடாது.

உப்புவெளி_வகுப்பு | வியாழன் இரவு 8.30

பார்த்தேன் அக்கா, தமிழ் வரியை எழுத முன்னம் அந்த வெளியீட்டின் என்கோடிங்கைக் கேட்டுவிட்டு எழுதுகிற மாதிரி மாற்றுகிறேன். ஃபிக்ஸ்ச்சர் பிழை இம்போர்ட் பிழையாக வருவதில்லை, அதற்கு வேறு இடத்தில் பிடிக்க வேண்டும், நாளைக்கு இருந்து பார்க்கிறேன். மூதூர்_11, ஞாயிறு வரும்போது அந்த உடைந்த கோப்பையும் கொண்டு வாருங்கள், அழித்துவிட வேண்டாம். அதை வைத்துத்தான் பாடத்தைத் தொடங்கப் போகிறேன்.

மூதூர்_11 | வியாழன் இரவு 8.34

சரி சேர். யூடிஎஃப்8 போட்டு ஓடவிட்டேன், இப்போது கோப்பிலும் தமிழ் வருகிறது.